வண்டியை ஓட்டியது நான் இல்லை

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அன்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இப்போது அதைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பேசுவாய். பதில் இல்லாதபோது சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அதெல்லாம் முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். இதை நான் மறைத்தும் எழுதவில்லை. உன் மனைவி படிக்கட்டும், சித்தப்பா வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். பிரான்ஸில் உன்னைப் போலவே ஊரில் இருக்கிற அப்பா அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற மற்ற புதுச்சேரிப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

போன வாரம் தபால்காரர் பிரான்ஸ் முத்திரை போட்ட ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாட்டிலிருந்து எனக்குக் காகிதம் வந்தால் அது உன் அப்பாவின் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் சம்பந்தமாகத்தான் இருக்கும். சொல்தா பெண்டாட்டி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள் என்று நான் அவ்வப்போது எழுதி அனுப்பினால்தான் அந்தப் பணம் வரும், உனக்குத் தெரியும். ஏதோ தவறாக எழுதி அனுப்பிவிட்டோம் போல என்று உறையைப் பிரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எண்பதுக்கு மேல் போகக் கூடாத ஒரு சாலையில் நான் நூற்றுப் பதினைந்தில் போயிருக்கிறேனாம். அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, பிரான்ஸ் நாட்டில் நான் பறந்திருக்கிறேன். அபராதம் கட்ட வேண்டுமாம், என் பெர்மியிலிருந்து மூன்று புள்ளி போகுமாம். லைசென்ஸை நம் வீட்டில் பெர்மி என்றுதான் சொல்லிப் பழக்கம், நானும் அப்படியே எழுதுகிறேன். அங்கே ஒவ்வொரு தப்புக்கும் அதில் புள்ளி குறையும், எல்லாம் தீர்ந்தால் பெர்மியே போய்விடும்.

உன்னைக் கூப்பிட்டேன். நீ பதறவில்லை. பதறியிருந்தால் என் கோபத்தில் பாதி அப்போதே போயிருக்கும். "ஓ, அது வந்துட்டுதாம்மா?" என்றாய், ஏதோ நீ எனக்கு வாங்கி அனுப்பிய புடவை வந்து சேர்ந்ததைக் கேட்பது போல. வேகத்தைப் படம் பிடிக்கிற ரேடாரில் மாட்டிய காகிதம் முதலில் உனக்குத்தான் வந்ததாம். வண்டியை ஓட்டியவர் வேறு ஆள் என்றால் பெயரைக் கொடுக்கலாம் என்று அதில் இடம் இருந்ததாம், நீ என் பெயரைக் கொடுத்துவிட்டாயாம். "நீ அந்த மாசம் இங்கதானம்மா இருந்த, ஒரு சந்தேகமும் வராது. நீ ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இரு. அதுல இருக்கிற நம்பரை மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பு, காசை நான் கட்டிடுறேன்." உன் பெர்மியில் மிச்சம் இருக்கிற புள்ளிகள் இந்த ஒரு தடவைக்கே காணாதாம். புள்ளியைத் திரும்ப வாங்கித் தருகிற வகுப்புக்கும் இந்த வருஷம் போய் வந்துவிட்டாயாம். உன் மனைவி தன் பங்குக்குத் தன் புள்ளிகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டாளாம். அவளுடையது தீர்ந்ததும் என்னிடம் வந்திருக்கிறாய். லிஃப்ட் ரிப்பேருக்குக் கம்பெனி வண்டியில் வீடு வீடாகப் போகிற வேலை, பெர்மி போனால் வேலை போய்விடும் என்றாய். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் ஒன்று சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "நீ என்ன இங்க வந்து வண்டி ஓட்டவா போற? உன் பெர்மி பீரோவுலதான தூங்குது."

பீரோவில் தூங்குகிற அந்த பெர்மியை நான் எப்படி வாங்கினேன் என்று உனக்குத் தெரியுமா? அப்போது உனக்கு இரண்டு வயது. உன் அப்பாவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரான்ஸில் நாம் இருந்தது ஊருக்கு வெளியே ராணுவக் குடியிருப்பு, பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. உனக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் கண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் கதவைத் தட்டி அவள் வண்டியில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மறுநாளே வண்டி ஓட்டப் படிப்பது என்று முடிவு செய்தேன். சாலை விதிகளுக்கு ஒரு பரீட்சை உண்டு, எல்லாம் பிரெஞ்சில். காய்கறிக் கடையில் பேசத் தெரிந்த பிரெஞ்சு அதற்குப் போதவில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பங்கரைச் சுவரில் சாலைப் பலகைகளின் படங்களை ஒட்டி வைத்துப் படித்தேன். முதல் தடவை தோற்றேன், அடுத்த தடவையும் தோற்றேன். உன் அப்பா அங்கிருந்து போனில், உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று சிரித்தார். அதற்கடுத்த தடவை தேறினேன். என்னிடம் இருக்கிற மற்ற காகிதமெல்லாம் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய விதவை என்று யாரோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவை. அது ஒன்றுதான் நானாகச் சம்பாதித்தது. ஒரு புள்ளிகூட இழக்காமல் இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன். நீ அதில் கை வைத்திருக்கிறாய், கேட்காமல்.

அந்தத் தேதியைக் காகிதத்தில் பார்த்ததும் எனக்கு அந்த நாள் முழுவதும் நினைவுக்கு வந்தது. உன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். நீ என்னையும் உன் மகள் லியாவையும் கடலைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனாய். கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவளுக்கு எதற்கடா கடல் என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினேன். பின் இருக்கையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியில் தலையைச் சாய்க்கப் பார்ப்பாள், அவளுடைய பெல்ட் விடாது, அதனால் நான்தான் அவள் பக்கம் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தேன். ரேடார் வருகிறது என்று உன் போன் கீச்சிட்டால் நீ பிரேக் போடுவாய், ரேடாரைத் தாண்டியதும் மறுபடி மிதிப்பாய். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாங்கள் ஆடிக்கொண்டே வந்தோம். மெதுவா போடா, குழந்தை இருக்குது என்று எத்தனை தடவை சொன்னேன். ரேடார் எங்கெங்கே இருக்கிறது என்று உனக்கு அத்துப்படி என்றாய், நான் சும்மா வந்தால் போதும் என்றாய். உனக்கு அத்துப்படியானது கம்பத்தில் நிற்கிற ரேடார். உன்னைப் பிடித்தது சாலையில் சாதாரண வண்டி போல ஓடிக்கொண்டிருந்த ஒன்று, போனும் கீச்சிடவில்லை, உனக்கும் தெரியவில்லை. நல்லாப் பிடித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது, பெற்றவளாக இருந்தும்.

அங்கே ரொம்பக் கெடுபிடி என்று நீ எப்போதும் புலம்புவாய். ஐந்து கிலோமீட்டர் கூடினாலும் காகிதம் வருது, மனுஷனை நிம்மதியா வண்டி ஓட்ட விட மாட்டேங்குறானுங்க என்பாய். லீவுக்கு இங்கே வந்தால் வேறு பாட்டு. இந்த ஊரில் ஒரு ஒழுங்கு உண்டா, யாராவது ரூல்ஸை மதிக்கிறார்களா, அங்கெல்லாம் இப்படியா என்று முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை போகிற வரைக்கும் பாடம் நடத்துவாய். நடத்திக்கொண்டே வாடகைக்கு எடுத்த காரை எழுபதில் ஓட்டுவாய். உனக்கு எந்த ஊரின் சட்டமும் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். இங்கே சட்டம் கேட்பதில்லை என்று கோபம், அங்கே கேட்கிறது என்று கோபம். சாயந்திரம் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள், நீயும் பார்த்திருக்கிறாய். தடுப்பை இழுத்துப் போட்டதும் நடைக்கு வந்தவர்கள் பாட்டுக்கு நடு ரோட்டில் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன. நான் யார் தெரியுமா என்று அங்கேயும் தினம் ஒருவன் காரை நிறுத்திவிட்டுச் சண்டை போடுவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம் வரும். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

யாரையாவது பிடித்தால் தப்பிக்கலாம் என்பது இந்த ஊர் வழக்கம் என்று நீ சிரிப்பாய். அதை நீயும் இங்கேதான் படித்தாய். பத்தொன்பது வயதில், லைசென்ஸ் எடுக்காமல், அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடி பக்கம் போனாயே, அதை மறந்திருக்க மாட்டாய். சித்தப்பா மகன் பாஸ்கர் பின்னால் உட்கார்ந்திருந்தான். மீன் கூடையோடு ரோட்டைத் தாண்டிய அஞ்சலையின் மேல் ஏற்றினாய். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உன் அப்பாவும் சித்தப்பாவும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசினார்கள். உனக்கு லைசென்ஸ் இல்லை, பாஸ்கரிடம் இருந்தது. ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டியது பாஸ்கர் என்று எழுதியாகிவிட்டது. என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் அதை நம்பினேன். நம்பி, நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய், ஒரு பொம்பளையோட காலை ஒடிச்சிட்டு எப்படிடா உனக்குச் சோறு இறங்குது என்று பாஸ்கரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நீ அங்கேயேதான் இருந்தாய், கூடத்தில் உட்கார்ந்து தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டு. அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்து, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க வந்தபோது, கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று தடை விழுந்தது. அன்றைக்குத்தான் உன் சித்தி வாசலில் நின்று அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினாள். நான் வீட்டுக்கு வந்து கத்திய கத்தலுக்கு உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கோர்ட்டில் கேஸ் இழுத்து முடிவதற்குள் சிங்கப்பூர் போச்சு. நீ அதற்கு முன்பே உன் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் விமானம் ஏறிவிட்டாய். பாஸ்கர் இன்றைக்கும் நோணாங்குப்பம் படகுத்துறையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறான். அஞ்சலை காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், கூடை தூக்க முடியாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறாள். நான் அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். உன்னைப் பற்றி அவள் கேட்டதே இல்லை, ஏனென்றால் அவளை இடித்தது நீ என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இந்த உறை வந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பாஸ்கரைப் பார்க்கப் போனேன். யாரிடம் கேட்பது என்று எனக்கு வேறு ஆள் தோன்றவில்லை. படகு ஒன்று பாரடைஸ் பீச்சிலிருந்து திரும்பி வந்திருந்தது, நனைந்த ஜாக்கெட்டுகளைக் கயிற்றில் காயப் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்தான், அது எனக்குப் பிடிக்கவில்லை. "ஒத்துக்குங்க பெரியம்மா. புள்ள வேலை போயிடும். உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றான். உனக்கு என்னடா நஷ்டம்னு அன்னைக்கு உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா என்று திருப்பிக் கேட்டேன். அவன் கையில் இருந்த ஜாக்கெட்டை உதறிப் போட்டான். அடுத்ததை எடுத்துக்கொண்டே சொன்னான். "கேஸுக்காகக்கூட இல்ல பெரியம்மா. அவன் ஒரு தடவை வந்து, அண்ணே, நான்தான் ஓட்டினேன்னு என்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம். எனக்கே இப்பல்லாம் சந்தேகம் வருது, நான்தான் ஓட்டினேனோன்னு." அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரை நான் எப்படி நடந்து வந்தேன் என்று எனக்குத் தெரியாது. உன் மேல் அவ்வளவு ஆத்திரம்.

அப்போதும் நான் முடிவு செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் வேலை, வீட்டுக் கடன், நீ அங்கே தனியாக அல்லாடுவது எல்லாம் மாறி மாறி மனதில் வந்துகொண்டேதான் இருந்தது. மூன்று புள்ளிதானே, பீரோவில்தானே தூங்குகிறது என்று உன் வார்த்தையையே எனக்கு நான் சொல்லிப் பார்த்தேன். நம்பரைப் போட்டோ எடுக்கப் போனைக்கூட எடுத்தேன். பெற்ற மனசு பித்துப் பிடித்தது, என்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை லியா வீடியோவில் வந்தாள். நீ பக்கத்து அறையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாய். முன் பல் விழுந்ததைக் காட்டினாள், பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டினாள். அப்புறம் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "ஆயா, நீங்கதான் வண்டி ஓட்டினீங்கன்னு பப்பா சொன்னாரு. நீங்க என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள். யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். மம்மாவிடம் சொன்னாராம், இவளும் கேட்டாளாம். இல்லியே பப்பா, ஆயா பின்னாடி இருந்தாங்க என்று இவள் சொன்னதற்கு, உனக்குத் தூக்கம், உனக்கு ஞாபகம் இல்லை என்றாயாம். அவள் என்னைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். தான் பார்த்தது சரிதானா என்று அந்தக் குழந்தைக்கே சந்தேகம் வந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. அதே முகத்தை இரண்டு நாள் முன்னால் நான் படகுத்துறையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

உன் பக்கத்துலதாண்டி இருந்தேன், பப்பாதான் ஓட்டினார், உனக்கு நல்லா ஞாபகம் இருக்குது என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டப் போய்விட்டாள். எனக்கு அத்தோடு குழப்பமும் போய்விட்டது. மூன்று புள்ளியை உனக்குத் தந்திருப்பேன், இன்னும் கேட்டிருந்தால் முழு பெர்மியையும் தந்திருப்பேன். அந்தக் குழந்தையின் கண் பார்த்ததைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்கும் இல்லை. பாஸ்கரைப் போல இன்னொருத்தரை இந்தக் குடும்பத்தில் நான் வளர விட மாட்டேன்.

திங்கட்கிழமை காலை உட்கார்ந்து பதில் எழுதினேன். பிரெஞ்சு மறந்துதான் போயிருக்கிறது, பழைய அகராதியை வைத்துக்கொண்டு எழுதினேன். வண்டியை ஓட்டியது நான் இல்லை, நான் பின் இருக்கையில் பேத்தியோடு இருந்தேன் என்று எழுதினேன். பொய்ப் பெயர் கொடுத்தது தனிக் குற்றம் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். பொஸ்த்துக்கு நானே போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், இனி போன் போட்டு என்னைக் கரைக்கப் பார்க்காதே. வேலை போனால் சொல், பென்ஷனில் என் மருந்துக்குப் போக மிச்சம் இருப்பதை அனுப்புகிறேன். உன் பிள்ளையும் பெண்டாட்டியும் பட்டினி கிடக்க மாட்டார்கள். நீ பஸ்ஸில் போய் வேறு வேலை தேடு. அடுத்த லீவுக்கு வரும்போது முதலில் நோணாங்குப்பம் போ, அங்கே சொல்ல வேண்டியதைச் சொல், பிறகு பிள்ளைச்சாவடிக்கு வா, நான் அஞ்சலை பக்கத்தில் இருக்கிறேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்தால் போதும்.

நீ பிறந்தபோது உன் அப்பா ஊரில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, உன் பெயரை முதன்முதலாக ஒரு காகிதத்தில் எழுதியவள் நான். ஒவ்வோர் எழுத்தையும் அந்த நர்ஸிடம் கேட்டுக் கேட்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு மெதுவாக எழுதினேன். திங்கட்கிழமை, ஓட்டியவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில், அதே பெயரை, அதே போல ஒவ்வோர் எழுத்தாக மறுபடியும் எழுதினேன்.

அம்மா